பசளை மானியக் காசு எந்த வட்டைக்கு எவ்வளவு போனது? கணக்குக் கேட்க ஒரு முழுமையான வழிகாட்டி

பெரும்போகத்துக்கு உழுது, விதைத்து, முதற்பசளையும் போட்டு முடிந்த பிறகும் “காசு விழுந்திட்டா?” என்ற கேள்வி மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் ஓய்வதில்லை. ஒருவருக்கு விழுந்திருக்கும். வரப்புக்கு அந்தப் பக்கம் வயல் செய்பவருக்கு விழுந்திராது. வயலே செய்யாத ஒருவருக்கு விழுந்ததாக ஒரு கதை வரும். அது தேநீர்க்கடைக்குள்ளேயே சுற்றிவிட்டு அடுத்த போகத்தில் வேறு பெயரோடு திரும்பி வரும். கையில் கணக்கில்லாதவரை கதைதான் மிஞ்சும்.

கணக்கு இருக்கிறது. கமநல சேவை நிலையத்தின் பதிவேட்டிலும் கணினியிலும் இருக்கிறது. கொடுக்கப்பட்டது பொதுப்பணம் என்பதால் அந்தக் கணக்கைக் கேட்டு வாங்கும் உரிமை நாட்டின் எந்தப் பிரஜைக்கும் உண்டு. யாரிடம், எந்த வார்த்தையில் கேட்பது, மறுத்தால் எங்கே போவது, கிடைத்த தாள்களை எப்படி வாசிப்பது என்பதையே இங்கே எழுதுகிறேன். மட்டக்களப்பையும் அம்பாறையையும் மனதில் வைத்து எழுதினாலும் சட்டம் எல்லா மாவட்டத்துக்கும் ஒன்றுதான்.

என் எண்ணத்தை முதலே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலானோர் “மானியம் எடுத்த ஆட்களின் பெயர்ப்பட்டியல் தாருங்கள்” என்று தொடங்குகிறார்கள். அங்கேயே வழி அடைபட்டுப் போகிறது. ‘தனிப்பட்ட தகவல்’ என்று ஒரே வரியில் மறுத்துவிடலாம். பட்டியல் கிடைத்தாலும் முதலில் விளைவது ஊருக்குள் சண்டை. ஆகவே பெயரைப் பின்னுக்கு வைத்துவிட்டு ஏக்கரைக் கேளுங்கள். ஒரு வட்டையில், அதாவது ஒரு பெயரில் ஒன்றாகக் கிடக்கும் வயல்வெளியில், எத்தனை ஏக்கர் இருக்கிறது, அந்தப் போகத்தில் எத்தனை ஏக்கர் விதைக்கப்பட்டது, எத்தனை ஏக்கருக்குப் பணம் போனது: இந்த மூன்று எண்களும் பக்கம் பக்கமாக வந்தால் பொய்ப்பெயர் இருந்தால் தானாக வெளியே வரும். பட்டியல் நீளலாம், பூமி நீளாது.

பணம் வரும் வழி

பசளை மானியம் இலங்கையில் 1962 இல் தொடங்கியது. 2005 இன் பின் 50 கிலோ மூடை 350 ரூபாவுக்குக் கிடைத்த காலத்தை எல்லோரும் நினைவில் வைத்திருப்பார்கள். 2016 இல் மூடை போய்க் காசு வந்தது: நெல்லுக்கு ஆண்டுக்கு ஹெக்டேயருக்கு 25,000 ரூபா, இரண்டு ஹெக்டேயர் வரை. 2018 இல் திரும்பவும் மூடை, இம்முறை 500 ரூபாவுக்கு. 2020 இல் நெல்லுக்கு இலவசம். 2021 மே 6 ஆம் திகதி வர்த்தமானி இரசாயனப் பசளை இறக்குமதியையே நிறுத்தியது. அந்த ஆண்டு நவம்பரில் தடை விலகியபோது பெரும்போகம் ஏற்கெனவே அடிபட்டுப் போயிருந்தது. பிறகு மீண்டும் வங்கிக் கணக்குக்குக் காசு. 2024/25 பெரும்போகத்திலிருந்து ஒரு போகத்துக்கு ஹெக்டேயருக்கு 25,000 ரூபா, உச்சம் இரண்டு ஹெக்டேயர். 15,000, பிறகு 10,000 என இரண்டு தவணையாக அது வந்தது.

இந்த வரலாற்றை நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. மூடை கொடுத்த காலத்தில் களவு போனால் மூடையே சாட்சி: லொறி, களஞ்சியம், கடை என்று கண்ணால் பார்க்கலாம். காசு கணக்குக்குக் கணக்கு போகும்போது பார்ப்பதற்கு ஒன்றுமில்லை. வசதி கூடியது, ஊரின் கண்காணிப்பு குறைந்தது. அந்த இடைவெளியை நிரப்பக்கூடியது தாள் மட்டுமே.

வெள்ள நட்டஈடு வேறு விஷயம். அது விவசாய மற்றும் கமநலக் காப்புறுதிச் சபையின் வேலை. 2024 நவம்பர் வெள்ளத்துக்குப் பிறகு நெல் உட்பட ஆறு பயிர்களுக்கு ஹெக்டேயருக்கு உச்சமாக 100,000 ரூபா என்று அறிவிக்கப்பட்டதும் அதன் ஊடாகத்தான். பசளைக் காசையும் நட்டஈட்டையும் ஒரே விண்ணப்பத்தில் குழைக்காதீர்கள். இரண்டும் இரண்டு அலுவலகம், இரண்டு விண்ணப்பம்.

எந்தப் பதிவேடு யாரிடம்

மானியப் பட்டியல் உருவாகும் இடம் கமநல சேவை நிலையம். அது கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் கீழ் வருவது. அத்திணைக்களம் மத்திய அரசுக்குரியது. மாகாண விவசாயத் திணைக்களம் வேறு. விண்ணப்பத்தைத் தவறிப்போய் மாகாணத்துக்கு அனுப்பிவிட்டு மாதக்கணக்கில் காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள்.

2000 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின் கீழ் விவசாயக் காணிகளுக்கு ஒரு இடாப்பு வைத்திருக்க வேண்டும். யார் உரிமையாளர், யார் பயிர்செய்பவர், எத்தனை ஏக்கர் என்பது அதில் வரும். நீங்கள் ஏக்கர் வரி கட்டும்போது பார்க்கப்படுவதும் இதுதான். இதுதான் முதற் பதிவேடு.

இரண்டாவது, பயிர்ச்செய்கை ஆரம்பக் கூட்டத்தின் தீர்மானம். உன்னிச்சைக் குளத்துக்குக் கீழேயானாலும் நவகிரிக்குக் கீழேயானாலும் கல்லோயாவின் வாய்க்கால்களானாலும், எந்தக் கண்டத்தில் (வட்டையின் ஒரு பிரிவில்) எத்தனை ஏக்கர் செய்வது, தண்ணீர் எப்போது திறப்பது, எந்தத் திகதிக்குள் விதைப்பது என்று கூட்டத்தில் முடிவெடுத்து எழுதி வைக்கிறார்கள். சிறுபோகத்துக்கு இது இன்னும் முக்கியம். குளத்தில் நீர் குறைவென்றால் வட்டையில் ஒரு பகுதிக்குத்தான் அனுமதி கிடைக்கும். அனுமதி கிடைக்காத பகுதிக்கும் பசளைக் காசு போயிருந்தால் அதைக் காட்டிக்கொடுப்பது இந்தத் தாள்தான். மானாவாரி வட்டைகளுக்கு நீர்த் தீர்மானம் இராது. அங்கே விவசாய ஆராய்ச்சி உற்பத்தி உதவியாளர் அந்தப் போகத்தில் பார்த்து எழுதிய செய்கைப் பரப்பைக் கேட்க வேண்டும்.

மூன்றாவது, பணம் கொடுத்த பட்டியல். வங்கிக்கு அனுப்பியது, வங்கி வரவு வைத்தது, கணக்கிலக்கம் பிழைத்துத் திரும்பி வந்தது என்று இதற்குள்ளேயே மூன்று தொகை இருக்கும். திரும்பி வந்த காசைப் பற்றி யாரும் கேட்பதில்லை. “எனக்கு வரேல்ல” என்று சொல்பவர்களில் சிலரின் விடை அங்கேதான் இருக்கும்.

மாவட்ட அளவில் ஒத்துப் பார்க்க, தொகைமதிப்புப் புள்ளிவிபரத் திணைக்களம் ஒவ்வொரு போகத்துக்கும் மாவட்ட வாரியாக விதைத்த பரப்பை வெளியிடுகிறது. பெருங்குளம், சிறுகுளம், மானாவாரி என்று பிரித்தும் தருகிறது. அதற்கு விண்ணப்பமே தேவையில்லை.

வட்டையின் தண்ணீரையும் வேலைகளையும் மேற்பார்க்கும் வட்டவிதானையை மறந்துவிடாதீர்கள். வட்டையின் ஒவ்வொரு வரப்பையும் வாய்க்காலையும் அறிந்தவர் அவர். அலுவலகத் தாளில் ‘மேட்டுக்கண்டம் 60 ஏக்கர்’ என்று இருப்பது தரையில் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று அவரால்தான் காட்ட முடியும்.

என்ன கேட்பது

நல்ல கேள்வி, பதிவேட்டில் ஏற்கெனவே இருக்கும் ஒன்றைக் கேட்கும். “ஏன் எங்களுக்குத் தரவில்லை?” என்பது கேள்வியல்ல, முறைப்பாடு, அதற்கு அலுவலர் விளக்கம் எழுதுவார், தாள் வராது. “ஊழல் நடந்ததா?” என்று எழுதினால் “இல்லை” என்று ஒரு சொல்லில் பதில் வரும்.

ஒரு போகம், ஒரு கமநல சேவை நிலையம். முதல் விண்ணப்பத்துக்கு அது போதும். மாவட்டம் முழுவதையும் ஐந்து ஆண்டுகளுக்குக் கேட்டால் கால நீடிப்பு எடுக்க நாமே காரணம் கொடுத்ததாகிவிடும்.

பெயர் இல்லாமலே நிறையத் தெரிந்துகொள்ளலாம். பரப்பு வாரியாகப் பயனாளிகளின் எண்ணிக்கையைக் கேளுங்கள்: அரை ஹெக்டேயருக்குக் குறைவாக எத்தனை பேர், அரையிலிருந்து ஒன்று வரை எத்தனை பேர், ஒன்றுக்கு மேல் இரண்டுக்குள் எத்தனை பேர், சரியாக இரண்டு ஹெக்டேயர் எத்தனை பேர். கடைசி எண்ணைக் கவனியுங்கள். இருபது ஏக்கர் போடியாரின் (பெரிய வயற்காரரின்) பூமி மனைவி, மகன், மருமகன் என்று நான்கு பெயரில் ஐந்தைந்து ஏக்கராகப் பதியப்பட்டிருந்தால் நான்கு பேரும் உச்சத் தொகை எடுப்பார்கள். காணி உறுதி உண்மையாகவே பிரிக்கப்பட்டிருந்தால் அதில் குற்றமில்லை. ஆனால் சின்ன வயல்கள் நிறைந்த ஒரு வட்டையில் ‘சரியாக இரண்டு ஹெக்டேயர்’ ஆட்கள் குவிந்திருந்தால் அடுத்த விண்ணப்பத்துக்கு இடம் கிடைத்துவிட்டது.

அதே போல, இடாப்பில் உரிமையாளரும் பயிர்செய்பவரும் வெவ்வேறு ஆட்களாகப் பதியப்பட்ட பரப்பு எத்தனை ஏக்கர் என்று கேளுங்கள். குத்தகைக்குச் செய்வது நம் பக்கத்தில் சாதாரணம். வெல்லாவெளியிலோ சம்மாந்துறையிலோ அரைவாசி வயல் குத்தகையில் ஓடுகிறது என்று ஊருக்கே தெரிந்த ஒரு வட்டையில் இந்த எண் பூச்சியம் என்று வந்தால் பொருள் ஒன்றுதான்: பட்டியல் உரிமையாளர் இடாப்பைப் பார்த்து அப்படியே எழுதப்பட்டிருக்கிறது. சேற்றில் இறங்குபவரின் பெயர் அதில் இல்லை. என்னைக் கேட்டால், நம் இரண்டு மாவட்டத்திலும் பொய்ப்பெயரை விடப் பெரிய பிரச்சினை இதுதான். கள்ளன் யாருமில்லை, விதி மீறப்படவில்லை, ஆனால் பசளை வாங்கியவர் ஒருவர், பசளைக் காசு எடுத்தவர் இன்னொருவர்.

அனுமதிப்பத்திரம் இல்லாத அரச காணியில் செய்பவர்களின் கதையும் உண்டு. வன எல்லையோரத்து வயல்களுக்கு இது பொருந்தும். எந்த அடிப்படையில் சேர்க்கிறார்கள், எந்த அடிப்படையில் விடுகிறார்கள் என்ற சுற்றறிக்கையின் பிரதியைக் கேட்டு வாங்குங்கள். சுற்றறிக்கை கையில் இருந்தால் வாய்வார்த்தைக்கு இடமில்லை.

விண்ணப்பம்

2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரி 3 ஆம் திகதி முதல் நடைமுறையில் இருக்கிறது. இந்த உரிமை அரசியலமைப்பின் 14அ உறுப்புரையிலும் இருக்கிறது. ஆர்.டி.ஐ. 01 என்ற படிவம் உண்டு. படிவம் இல்லையென்றால் வெள்ளைத்தாளில் எழுதிய கடிதமும் செல்லும். எழுத முடியாதவர் வாயால் சொல்லலாம். அதை எழுதி எடுப்பது தகவல் அலுவலரின் கடமை. ஏன் கேட்கிறீர்கள் என்ற காரணத்தை நீங்கள் சொல்லத் தேவையில்லை.

மாதிரிக்கு இப்படி எழுதலாம்:

“தகவல் அலுவலர், கமநல அபிவிருத்தித் திணைக்களம், மாவட்ட அலுவலகம், மட்டக்களப்பு. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், (பெயர்) கமநல சேவை நிலையப் பிரிவு தொடர்பாக 2024/25 பெரும்போகத்துக்கான கீழ்வரும் தகவல்களைத் தருமாறு கேட்கிறேன். ஒன்று: ஒவ்வொரு வட்டைக்கும் விவசாயக் காணி இடாப்பில் பதியப்பட்ட நெற்காணியின் மொத்தப் பரப்பு. இரண்டு: ஒவ்வொரு வட்டையிலும் அப்போகத்தில் செய்கை பண்ணப்பட்டதாகப் பதியப்பட்ட பரப்பு, மற்றும் ஆரம்பக் கூட்டத் தீர்மானத்தின் பிரதி. மூன்று: ஒவ்வொரு வட்டைக்கும் பசளை மானியம் வழங்கப்பட்ட பரப்பு, பயனாளிகளின் எண்ணிக்கை, தவணை வாரியாக வழங்கிய மொத்தத் தொகை, வைப்பிலிட்ட திகதி. நான்கு: வங்கியிலிருந்து திரும்பிய கொடுப்பனவுகளின் எண்ணிக்கையும் தொகையும், அவை பின்னர் கொடுக்கப்பட்ட திகதியும். ஐந்து: அரை ஹெக்டேயருக்குக் குறைவு, அரை முதல் ஒன்று, ஒன்றுக்கு மேல் இரண்டுக்குக் குறைவு, சரியாக இரண்டு ஹெக்டேயர் என்ற பிரிவுகளில் பயனாளிகளின் எண்ணிக்கை. ஆறு: உரிமையாளரும் பயிர்செய்பவரும் வெவ்வேறாகப் பதியப்பட்ட பரப்பு. ஏழு: பயனாளிகளைத் தெரிவுசெய்யப் பின்பற்றிய சுற்றறிக்கையின் பிரதி. தகவல்களைத் தமிழில், இயலுமானால் கணினிக் கோப்பாக, மின்னஞ்சலில் தரவும்.”

பெயர், முகவரி, தொலைபேசி, கையெழுத்து, திகதி. முடிந்தது. கடிதத்தில் கோபம் வேண்டாம். ‘அராஜகம்’, ‘அநியாயம்’ போன்ற சொற்கள் ஒரு தாளைக்கூடக் கூடுதலாகக் கொண்டுவந்ததில்லை.

அம்பாறைக்காரருக்கு ஒரு சொல். மாவட்ட அலுவலகம் அம்பாறை நகரில் இருப்பதால் பதில் சிங்களத்தில் வருவதுண்டு. வடக்கிலும் கிழக்கிலும் நிர்வாக மொழி தமிழ் என்று அரசியலமைப்பின் 22 ஆம் உறுப்புரை சொல்கிறது. அம்பாறை கிழக்கு மாகாணம்தான். ‘தமிழில் தரவும்’ என்ற வரியை அதனால்தான் எழுதச் சொன்னேன். தம்பிலுவிலிலிருந்தோ நிந்தவூரிலிருந்தோ கேட்பவர் அந்த வரியை விட்டுவிடக் கூடாது.

யார் கையெழுத்திடுவது என்பதையும் யோசிக்க வேண்டும். “கேள்வி கேட்டால் அடுத்த போகம் என் பெயரை வெட்டிப்போடுவான்கள்” என்ற பயம் ஊரில் உண்டு. அது வீண்பயம் என்று சொல்லிவிட்டு நான் போக முடியாது. ஆனால் சட்டம் எந்தப் பிரஜையையும் கேட்க விடுகிறது. வயல் இருக்க வேண்டியதில்லை, அந்த ஊரவராக இருக்க வேண்டியதுமில்லை. வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் படிக்கும் மகள் கையெழுத்திடலாம். உறுப்பினரில் நாலில் மூன்று பங்கினர் பிரஜைகளாக இருந்தால் ஓர் அமைப்பும் கேட்கலாம். ஆகவே கமக்காரர் அமைப்பின் பெயரிலேயே, கூட்ட அறிக்கையில் தீர்மானமாக எழுதிக் கேட்பது இன்னும் நல்லது. ஆளைப் பழிவாங்கலாம், அமைப்பை அவ்வளவு இலேசில் முடியாது.

கொடுத்த பிறகு நாள் எண்ணுதல்

நேரில் கொடுத்தால் பெற்றுக்கொண்டதற்கு எழுத்தில் அத்தாட்சி கேளுங்கள். கொடுப்பது அவர்கள் கடமை. தபாலென்றால் பதிவுத் தபால். அந்தத் துண்டு இல்லாமல் மேன்முறையீடு கால் ஊன்றாது.

கிடைத்த நாளிலிருந்து 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். சனி, ஞாயிறு, போயா, அரச விடுமுறை கணக்கில் வராது. ஏறக்குறைய மூன்று வாரம். தருவதென்று முடிவானால், கட்டணம் கட்டிய பின் 14 நாட்களுக்குள் தகவல் கைக்கு வர வேண்டும். தாள் நிறையத் தேட வேண்டியிருந்தால் மேலும் 21 நாட்கள் வரை எடுக்கலாம். அதையும் காரணத்தோடு உங்களுக்கு அறிவிக்க வேண்டும்.

கட்டணம் பெரிதில்லை. 2017 பெப்ரவரி வர்த்தமானியின்படி ஏ4 பிரதி ஒரு பக்கத்துக்கு 2 ரூபா, முதல் நான்கு பக்கம் இலவசம், மின்னஞ்சலுக்குக் கட்டணமில்லை. பதிவேட்டை நேரில் போய்ப் பார்ப்பது முதல் ஒரு மணித்தியாலத்துக்கு இலவசம், அதன்பின் மணிக்கு 50 ரூபா. நேரில் பார்க்கும் வழியை நம்மவர்கள் பாவிப்பதே இல்லை. கொழுத்த இடாப்பைப் பிரதி எடுக்க முடியாது என்று அலுவலர் சொல்லும்போது “அப்ப நான் வந்து பாக்கிறன் சேர், ஒரு நாள் சொல்லுங்க” என்று கேளுங்கள்.

மறுத்தால்

மறுப்பு எழுத்தில், காரணத்தோடு, சட்டத்தின் எந்தப் பிரிவு என்று குறித்து வர வேண்டும். கரும்பீடத்தில் வாயால் சொல்வது மறுப்பல்ல. அடிக்கடி கேட்கக் கிடைப்பவை சில.

“அதெல்லாம் கொழும்பிலதான் இருக்கு.” இடாப்பும் வட்டைப் பரப்பும் நிலையத்தில்தான் இருக்கின்றன. பட்டியலை இங்கிருந்துதான் அனுப்புகிறார்கள். அனுப்பிய பிரதி இருக்கும். புதிய பதிவேடுகளைக் குறைந்தது 12 ஆண்டுகள் பேண வேண்டும் என்பது இதே சட்டத்தின் 7 ஆம் பிரிவு.

“பழைய கணினி பழுதாப் போச்சு.” இதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். மேன்முறையீட்டில் அந்த வரிக்குத் தனி மதிப்பு உண்டு.

“தனிப்பட்ட தகவல்.” மேலே தந்த கேள்விகளில் ஒரு பெயரும் இல்லை, ஆகவே இது பொருந்தாது. ஆனால் இரண்டாவது சுற்றில் பெயர் கேட்கும்போது இந்த மறுப்புக்குப் பதில் வைத்திருக்க வேண்டும். 5(1)(அ) பிரிவு தனிப்பட்ட தகவலை மறுக்க இடம் தருகிறது. ஆனால் பொது நலன் பெரிதாக இருந்தால் கொடுக்க வேண்டும் என்று அதே பிரிவும் 5(4) பிரிவும் சொல்கின்றன. ஒரு தாளின் ஒரு பகுதியைத்தான் மறைக்க வேண்டுமென்றால் மிச்சத்தைக் கொடுக்க வேண்டும் என்பது 6 ஆம் பிரிவு. அடையாள அட்டை இலக்கமும் வங்கிக் கணக்கிலக்கமும் வேண்டாம், பெயரும் வட்டையும் பரப்பும் தொகையும் போதும் என்று நீங்களே எழுதிவிட்டால் மறுப்பவரின் பாதிக் காரணம் போய்விடும்.

நம் நாட்டிலேயே முன்மாதிரி இருக்கிறது. 2023 இல் வறிய குடும்பங்களுக்கான அஸ்வெசும நலன்புரிக் கொடுப்பனவின் பயனாளிகள் பட்டியலை வெளியிட்டு, மேன்முறையீட்டுக்கும் ஆட்சேபணைக்கும் அரசே இடம் கொடுத்தது. வறியவரின் பெயரைப் பகிரங்கமாகப் போடலாமென்றால் ஐந்து ஏக்கர்காரரின் பெயரைப் போட ஏன் கூச்சம் என்று கேட்கத் தோன்றுகிறது. இந்தியாவில் விவசாயிகளுக்குக் காசு கொடுக்கும் பி.எம். கிசான் திட்டத்தின் பயனாளிகளைக் கிராமம் கிராமமாக இணையத்தில் பார்க்கலாம். ஐரோப்பிய ஒன்றியத்தில் இது வழக்காகவே போனது: தனியாட்களான விவசாயிகளின் பெயர்களை வேறுபாடின்றி எல்லாம் வெளியிடுவது அளவுக்கு மிஞ்சியது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2010 நவம்பரில் சொன்னது. அதற்காக அவர்கள் வெளியிடுவதை நிறுத்திவிடவில்லை. 2013 இல் விதியை மாற்றி, ஆண்டுக்கு 1,250 யூரோவுக்கு உட்பட்ட சிறிய தொகை எடுப்பவரின் பெயரை மட்டும் மறைத்து, மற்றவர்களை வெளியிட்டார்கள். சிறியவருக்கு மறைப்பு, பெரியவருக்கு வெளிச்சம் என்ற அந்த ஏற்பாடு எனக்குச் சரியாகப் படுகிறது. நாமும் அப்படியே கேட்கலாம்: ஒரு ஹெக்டேயருக்கு மேல் எடுத்தவர்களின் பெயர் மட்டும்.

மேன்முறையீட்டுப் படிகள் இவை. மறுப்பு வந்தாலோ, பதிலே வராமல் காலம் கடந்தாலோ, 14 நாட்களுக்குள் அதே திணைக்களத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு எழுத வேண்டும். அவர் மூன்று வாரத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். அதுவும் சரிவராவிட்டால் இரண்டு மாதத்துக்குள் கொழும்பிலுள்ள தகவல் அறியும் உரிமைக்கான ஆணைக்குழு. முதல் விண்ணப்பம், அத்தாட்சித் துண்டு, பதில், இரண்டாம் கடிதம் எல்லாவற்றின் பிரதியையும் சேர்த்து அனுப்புங்கள். மறுத்தது சரியென்று காட்டும் பொறுப்பு அங்கே திணைக்களத்துக்கு, உங்களுக்கல்ல. ஆணைக்குழுவின் முடிவும் திருப்தியில்லையென்றால் ஒரு மாதத்துக்குள் மேன்முறையீட்டு நீதிமன்றம். பதிவேட்டை வேண்டுமென்றே அழித்தால், மாற்றினால், மறைத்தால் 50,000 ரூபா வரை தண்டமோ இரண்டு ஆண்டு வரை சிறையோ இரண்டுமோ உண்டு என்பதைத் தெரிந்து வைத்திருங்கள். முதற் கடிதத்திலேயே அதை எழுதி மிரட்ட வேண்டாம்.

தாளை வாசிப்பது

நாம் ஏக்கரில் பேசுகிறோம், மானியம் ஹெக்டேயரில் வருகிறது. ஒரு ஹெக்டேயர் 2.47 ஏக்கர். இரண்டு ஹெக்டேயர் ஏறக்குறைய ஐந்து ஏக்கர். மூன்று ஏக்கர் செய்பவருக்கு 1.21 ஹெக்டேயர், இரண்டு தவணையும் சேர்த்து 30,000 ரூபாவுக்குச் சற்று மேல் வர வேண்டும். முதலில் உங்கள் சொந்தக் கணக்கை இப்படிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி வட்டை. ஒரு வட்டை 400 ஏக்கர் என்று வைத்துக்கொள்வோம், அதாவது 162 ஹெக்டேயர். ஒரு அங்குலம் விடாமல் எல்லாம் விதைத்து எல்லோரும் மானியம் எடுத்தாலும் 40 இலட்சத்து 50 ஆயிரம் ரூபாவைத் தாண்டக் கூடாது. பட்டியலில் 46 இலட்சம் போயிருந்தால் அதை 25,000 ஆல் வகுங்கள்: 184 ஹெக்டேயர், சுமார் 455 ஏக்கர். இல்லாத 55 ஏக்கருக்குக் காசு போயிருக்கிறது.

இந்த இடத்தில் அவசரப்படக் கூடாது. பக்கத்து வட்டையின் ஒரு கண்டம் இதில் பதியப்பட்டிருக்கலாம். அதைப் பார்க்க, ஒட்டியிருக்கும் வட்டைகளையும் சேர்த்துக் கூட்டிப் பாருங்கள். அங்கே குறைந்து இங்கே கூடியிருந்தால் அது பதிவுக் குழப்பம். இடாப்பு பழசாகி, பிறகு வெட்டித் திருத்திய பூமி அதில் ஏறாமல் இருக்கலாம். வட்டவிதானைக்கு அது தெரியும். மூன்று நான்கு வட்டை சேர்த்தும் மிச்சம் மிஞ்சினால்தான் அடுத்த விண்ணப்பம்: அந்த வட்டையில் ஒரு ஹெக்டேயருக்கு மேல் எடுத்தவர்களின் பெயரும் பரப்பும்.

பெயர் கிடைத்தாலும் கவனம். நம்மூரில் ஒரே பெயரும் ஒரே முதலெழுத்தும் உள்ளவர்கள் நிறையப் பேர். வட்டையும் பரப்பும் ஒத்துவராமல் யாரையும் சுட்டாதீர்கள். அம்பாறைக் கரையோரத்தில் ஒரே வட்டையில் தமிழரும் முஸ்லிம்களும் செய்கிறார்கள், சில இடங்களில் சிங்களவரும். அந்தப் பட்டியலை ‘அவங்கட ஊருக்கு எவ்வளவு, எங்கட ஊருக்கு எவ்வளவு’ என்று பிரித்து முகநூலில் போட ஒருவர் எப்போதும் இருப்பார். வட்டையாகவே வையுங்கள். தண்ணீரும் பசளையும் வட்டைக்குத்தான் வருகின்றன.

கிடைத்ததை எங்கே வைப்பது

முதலில் கமக்காரர் அமைப்பின் கூட்டத்தில் வாசியுங்கள். பதிந்த ஏக்கர், விதைத்த ஏக்கர், காசு போன ஏக்கர் என்ற மூன்று எண்களையும் ஒரு தாளில் அடித்துக் கமநல நிலையத்தின் அறிவித்தல் பலகையில் போடச் சொல்லி நிலையத்தின் உத்தியோகத்தரிடமே கேளுங்கள். சிலர் உடனே போட்டுவிடுவார்கள். நேர்மையாக வேலை செய்பவருக்கு அந்தத் தாள் பாதுகாப்பு. இணையத்தில் போடுவதென்றால் வட்டைக் கணக்கை மட்டும் போடுங்கள். அடையாள அட்டை இலக்கம், கணக்கிலக்கம், தொலைபேசி தவறிப்போய்த் தாளில் வந்திருந்தாலும் கறுப்படித்த பிறகே வெளியே விட வேண்டும்.

பிழை வெறும் பதிவுப் பிழை என்றால் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் மாவட்ட அலுவலகத்துக்குத் திருத்தக் கோரிக்கை போதும். குத்தகைக்காரரின் பெயர் ஏறவில்லையென்றால் இடாப்புத் திருத்தத்துக்கு அவரே விண்ணப்பிக்க வேண்டும். உரிமையாளரோடு எழுத்தில் ஓர் உடன்பாடு இருந்தால் வேலை இலகு. போடியாரிடம் எழுத்துக் கேட்பது நம் ஊரில் பழக்கமில்லை என்பது தெரியும். காசின் பாதையை மாற்ற அதைவிட வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

வேண்டுமென்றே செய்த மோசடி என்று தாள் காட்டினால் 2023 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டத்தின் கீழ் இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவுக்கு எழுதலாம். தேசிய கணக்காய்வு அலுவலகத்துக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள். ஒவ்வோர் ஆண்டும் திணைக்களத்தின் கணக்கைப் பார்ப்பவர்கள் அவர்கள். எந்த வட்டையைத் திறந்து பார்க்க வேண்டும் என்பதை ஊரிலிருந்து சொன்னால் அவர்களுக்கு வேலை குறையும்.

விண்ணப்பத்துக்கு நல்ல காலம், இரண்டாம் தவணை கொடுத்து முடிந்து அறுவடை ஓய்ந்த பிறகு. பெரும்போகத்துக்கு அது சித்திரைக்கு முன்பின். அடுத்த போகமும் அதே ஏழு கேள்விகளை அதே வரிசையில், அதே சொற்களில் கேளுங்கள். இரண்டு போகத் தாள்களையும் பக்கத்தில் வைத்தால், முதற் போகத்தில் மேலதிகமாக நின்ற ஏக்கர் இரண்டாம் போகத்தில் எந்த வட்டைக்கு நகர்ந்தது என்று பார்க்கலாம்.